நாயும் இல்லை, கோழியும் இல்லை, கல்யாணமும் இல்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. மர்டோ அவர்களின் சமூகத்திற்கு,

போர்ட் கேலனிலிருந்து தங்கள் அக்காள் கணவன் ஆல்பன் சுரெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் இடது முழங்காலும் சமையலறைக் கடிகாரமும் இங்கே ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே கால்கரியில் தாங்களும் தங்கள் துணைவியார் ஷீனாவும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் சௌக்கியமாக இருக்க ஆண்டவரைப் பிரார்த்திக்கிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் கொட்டை கொட்டையான பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். காது கேட்காதவனுக்கு எழுத்தையாவது சத்தமாக எழுதுவோம் என்று நினைத்தீர்கள் போலும். மிக்க நன்றி, நன்றாகவே கேட்டது.

தாங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்: என்னிடம் நாய் இல்லை. கோழி இல்லை. இந்த வயதில் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் நாய் வளர்ப்பதற்கும் கொல்லைப்புறத்தில் கோழி வைத்துக்கொள்வதற்கும் நகராட்சி எனக்கு முறைப்படி அனுமதி கொடுத்திருக்கிறது. கல்யாண விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. இதெல்லாம் தங்கள் கைப்பேசியில் மெசேஜ் மெசேஜாக வந்து விழ, "அத்தான், உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, நான் கிளம்பி வரவா, இல்ல டாக்டரை அனுப்பவா" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, இவ்வளவு மரியாதை போதும் மச்சான், எனக்குக் கை வலிக்குது, இனிமே நீ நான்னே எழுதறேன். புத்தி இருந்த இடத்துலதான் இருக்கு. நடந்ததைச் சொல்றேன், உக்காந்து படி. படிக்கும்போது ஷீனாவைப் பக்கத்துல வச்சுக்காதே, நடுவுல உன்னைப் பத்தி ஒரு விஷயம் வருது.

முதல் தப்பே உன்னோடதுதான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் சும்மா வான்கோழியைத் தின்னுட்டுப் போயிருக்கலாம். நகராட்சியோட புது வயர்லெஸ் சேவையில என் பேர்ல கணக்கு திறந்து, போன் நம்பர் கேட்ட இடத்துல உன் நம்பரைப் போட்டுட்டு, "அத்தான், இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல"ன்னு கையால சொன்னே. உன் கை நிஜமா சொன்னது "அத்தான், இனி உங்களுக்கு முட்டைக்கோஸ் இல்ல"ன்னு. அம்பது வருஷமா அக்காகிட்ட சைகை கத்துக்கிட்ட லட்சணம் அது. போகட்டும், நல்ல மனசோட செஞ்சேன்னு விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி நகராட்சி கவுண்டர்ல வெண்டல்னு ஒருத்தர் இருந்தார் ஞாபகம் இருக்கா, நூல்ல கட்டின பென்சிலோட? நான் ஒரு வரி எழுதுவேன், அவர் ஒரு வரி எழுதுவார், காரியம் முடிஞ்சிடும். அவரை ரிடையர் பண்ணி அனுப்பிட்டு, வாசல்ல "எல்லாருக்கும் எட்டும் நகரம்"னு போர்டு மாட்டிட்டாங்க. நம்ம கண் தெரியாத ஹார்விக்கு இப்போ பஸ் ஸ்டாப்பே பேசுது, பஸ்தான் வர மாட்டேங்குது. சக்கர நாற்காலிக்காரங்களுக்கு எந்த லிஃப்ட் ஓடலைன்னு போன்லயே தெரியும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவங்க வீட்டுலயே இருந்துக்கலாம். எங்களுக்குன்னு ஒரு டேப்லெட் வாங்கி ஸ்டாண்டுல நிறுத்தியிருக்காங்க. அதுல எங்கேயோ தூரத்து ஊர்ல இருக்கற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் தெரிவார். நான் கையால சொல்றதை அவர் வாயால கவுண்டர்காரிக்குச் சொல்லுவார், அவ சொல்றதைக் கையால எனக்குத் திருப்பிச் சொல்லுவார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம நகராட்சிக் கட்டடம் உனக்குத் தெரியும், கருங்கல் சுவர், பீரங்கி வச்சு அடிச்சாலும் அசையாது, வைஃபை எப்படி நுழையும்? கவுண்டர்கிட்ட டேப்லெட் இருந்தா படம் அப்படியே உறைஞ்சு நின்னுடும், மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தபடி ஒரு கையைத் தூக்கிக்கிட்டு சிலையா நிப்பார். கட்டடத்துல சிக்னல் நல்லா கிடைக்கற ஒரே இடம் ஆண்கள் கழிப்பறை வாசல். அதனால நான் வந்தாலே கவுண்டர்ல இருக்கற கோரலி எழுந்து, டேப்லெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "நகருங்க, நகருங்க"ன்னு வரிசையை விலக்கிட்டு என்னைக் கழிப்பறை வாசலுக்குக் கூட்டிட்டுப் போவா. உள்ளே போறவங்க, வெளியே வர்றவங்க எல்லாருக்கும் ஒரு வணக்கம் வச்சுக்கிட்டே நான் என் குறையைச் சொல்லணும். இதுக்குப் பேர் சம உரிமை.

குளிர்காலம் முடியற சமயம் பனி அள்ளுற வண்டி வந்து என் வேலியைச் சாய்ச்சிட்டுப் போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் போனேன். திரையில ஒரு பொண்ணு வந்தா, முப்பது வயசு இருக்கும், கறுப்புச் சட்டை, பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான், நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. வழக்கமா வர்ற ஆளுங்களுக்கு எங்க காது கேட்காதவங்க பள்ளிக்கூடத்துப் பழைய சைகை புரியாது. அவங்க படிச்சது அமெரிக்கச் சைகை. நான் ஒண்ணு சொன்னா "மறுபடியும் சொல்லுங்க", "மறுபடியும் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்தப் பொண்ணு கேட்கல. நான் சொன்னதை நேரா வாங்கிக் கோரலிகிட்ட கொடுத்தா. கோரலி பதில் சொன்னா. அதைப் பொண்ணு எனக்குக் கையால சொன்னா: "சனிக்கிழமை ஆள் வருவாங்க."

மச்சான், சனிக்கிழமைன்னு அவ சொன்னது நம்ம பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமை. இந்தக் கடற்கரையைத் தாண்டினா யாருக்கும் தெரியாத சனிக்கிழமை. அது மட்டும் இல்ல. கையை மூடிச் சொல்றப்போ சுண்டுவிரல் மட்டும் மடங்காம தனியா வெளியே நின்னுச்சு. உன் அக்கா எஃபிக்கு நிக்குமே, அதே மாதிரி. வேலியை மறந்துட்டேன். அது இன்னும் படுத்தே கிடக்கு.

உன் அக்கா போய் மூணு குளிர்காலம் ஆச்சு. உனக்கு அவ குரல் ஞாபகம் இருக்கும், அவ போட்ட விநோதமான சத்தத்தை நீ நடிச்சுக் காட்டுவே. எனக்கு ஞாபகம் இருக்கறது அவ கைதான். எங்க காது கேட்காதவங்க கிளப் ஹாலை வித்துட்டாங்க, வந்துக்கிட்டிருந்தவங்க பாதிப் பேர் கல்லறையில, மீதிப் பேர் பிள்ளைங்க வீட்டுல. முன்னே எல்லாம் ஒருத்தர் வீட்டுக்குப் போனா, கோட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு விடைபெறவே ஒரு மணி நேரம் ஆகும் எங்களுக்கு. இப்போ நான் யார்கிட்டயும் விடைபெறறதே இல்ல. பாத்திரம் கழுவறப்போ சோப்புக் கையோட எனக்கு நானே பேசிக்கறேன், நுரை ஜன்னல்ல தெறிக்குது. ஏங்கிப் போயிட்டேன் மச்சான், இதுல மூடி மறைக்க என்ன இருக்கு? யாராவது ஒரு ஆள் எதிர்ல நின்னு, நம்ம கைப்பேச்சுல "டீ ஆறிப்போச்சு, குடிச்சுத் தொலை"ன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சுண்டுவிரல் வந்து நின்னுச்சு.

காது கேட்காதவங்க ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல என்ன கேட்போம்? எந்த ஸ்கூல், யார் வீட்டுப் பிள்ளை. அதைத்தான் நானும் கேட்டேன், "நீங்க எந்த ஸ்கூல்?" இங்கதான் வந்துச்சு வினை. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு விதி, தன் பேச்சுன்னு ஒண்ணு பேசவே கூடாது. நான் சொல்றது எதுவா இருந்தாலும் ஒரு எழுத்து விடாம எதிர்ல இருக்கற ஆளுக்குப் போயாகணும். அந்தப் பொண்ணு முகத்துல சின்னதா ஒரு தயக்கம் தெரிஞ்சுது, அப்புறம் வாய் அசைஞ்சுது. கோரலி சந்தோஷமா நிமிர்ந்தா. பதில் என் முன்னாடி கையால வந்துச்சு: "நானா? கான்வென்ட்ல படிச்சேன், கணக்குல ரெண்டு தடவை ஃபெயில்." நான் அவசரமா, "உங்களை இல்ல, இந்தப் பொண்ணைக் கேட்டேன்"னேன். அதையும் பொண்ணு அப்படியே வாயால சொல்லிட்டா. கோரலி திரும்பிப் பார்த்தா. பின்னாடி பார்க்கிங் பெர்மிட்டுக்கு நின்ன ஒரு அம்மா திடுக்கிட்டு, "நான் ஹைஸ்கூலே முடிக்கலீங்க, அது பெர்மிட்டுக்கு அவசியமா?"ன்னு கேட்டா. "உங்க சுண்டுவிரலுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். கோரலி உடனே கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டி, "மத்திமீன் டப்பா திறந்தேன், கிழிச்சிடுச்சு, எப்படிக் கவனிச்சீங்க!"ன்னு உருகிட்டா. "உங்கம்மா யாரு?"ன்னேன். அவங்கம்மா கதை அரை மணி நேரம் ஓடுச்சு, நடுவுல ரெண்டு பேர் கழிப்பறைக்குப் போயிட்டு வந்துட்டாங்க. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு ஒரே ஒரு தடவைதான் சொந்தமா வாய் திறந்தா, அதுவும் விதிப்புத்தகத்து வாசகம்: "மொழிபெயர்ப்பாளருக்குத் தன்னைப் பற்றிப் பேச அனுமதி இல்லை." அதைச் சொல்றப்போகூட அந்தச் சுண்டுவிரல் நிமிர்ந்தே நின்னுச்சு.

வீட்டுக்கு வந்து தூக்கம் இல்ல. அந்த விரல் எங்கிருந்து வந்துச்சு? எஃபிக்கு அது மீன் தொழிற்சாலை பெல்ட்டுல மாட்டி உடைஞ்ச விரல், பிறவியில வந்தது இல்ல. ஆனா மனசு ஏங்கிக் கிடக்கறப்போ புத்தி எங்கெங்கயோ மேயுது இல்லையா, பரம்பரையா வந்திருக்குமோன்னு யோசிச்சேன். எங்களுக்குப் பிள்ளை இல்ல. எஃபிக்குக் கூடப்பிறந்தது நீ ஒருத்தன்தான். நீ கால்கரிக்கு ஓடிப்போறதுக்கு முன்னாடி இங்கே துறைமுகத்துப் பக்கம் என்னென்ன கூத்தடிச்சேன்னு எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பொண்ணு வயசும் ஒத்துப்போச்சு. அதனாலதான் உனக்கு அந்த மெசேஜ்: "மர்டோ, உண்மையைச் சொல்லு, ஷீனாவுக்குத் தெரியாம உனக்கு ஒரு பொண்ணு இருக்கா?" அதை ஷீனா எடுத்துப் படிப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்? நீ மூணு நாள் கார் ஷெட்டுல படுத்ததுக்கு என் வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன். இந்தக் கடிதத்தோட அடுத்த பக்கத்தை நீ அவகிட்ட தாராளமா காட்டலாம், அதுல உனக்கு விடுதலை இருக்கு.

மறுபடியும் அந்தப் பொண்ணைப் பார்க்கணும்னா மறுபடியும் நகராட்சிக்குப் போகணும். போனா ஏதாவது காரியம் இருக்கணும். அதுலயும், டேப்லெட்டுல யார் வருவாங்கன்னு நம்ம கையில இல்ல, அந்த நேரத்துல யார் சும்மா இருக்காங்களோ அவங்க வருவாங்க. நாய் லைசென்ஸுன்னு பட்டனை அமுக்கினேன். வந்தது ஒரு மொட்டைத் தலை ஆசாமி. வந்துட்டாரே, திருப்பி அனுப்ப முடியுமா? "என்ன நாய்?"னு கோரலி கேட்டா. "பழுப்பு"ன்னேன். "பேர்?" நாக்குல, அதாவது விரல்ல, வந்த பேரைச் சொன்னேன், மர்டோன்னு. தப்பா எடுத்துக்காதே. இப்போ அந்தப் பேர் பொறிச்ச வில்லை என் சாவிக்கொத்துல தொங்குது. அடுத்த வாரம் கோழி, அப்பவும் அதே மொட்டை. மரக்கிளை வெட்ட அனுமதி, ஒரு தாடிக்காரர். பொதுத்தோட்டத்துல ஒரு பாத்தி, அவர் தங்கச்சி மாதிரி ஒருத்தி. நடுநடுவே அதிர்ஷ்டம் இருந்தா நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. அவ வந்த நாள்ல நான் கேள்வி கேட்பேன், கோரலி பதில் சொல்லுவா. இப்படியே கோரலியோட ஜாதகமே எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு. சின்ன வயசுல அவளுக்கு வாத்துன்னா பயம்னுகூடத் தெரியும். அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும் ஒரு இழவும் தெரியல.

நடுவுல கோரலி என்னைப் பார்த்தாலே எழுந்து நிக்க ஆரம்பிச்சா. புளூபெரி மஃபின் செஞ்சு டப்பாவுல கொண்டுவந்தா. ஒரு நாள் சென்ட் வாசனை வேற. மச்சான், நான் கண்ணாடியில என்னைப் பார்த்தேன், மீசையைக் கொஞ்சம் ஒதுக்கினா அவ்வளவு மோசம் இல்ல. அய்யய்யோ, ஒரு மனுஷி மனசுல நாமளா ஆசையை வளர்த்துட்டோமேன்னு எனக்கு ஒரே சங்கடம். அன்னைக்குன்னு பார்த்து எனக்குக் கேட்க வேற காரியமே மிஞ்சல. மெனுவுல கோழிக்குக் கீழே, மரக்கிளைக்குக் கீழே அடுத்ததா இருந்தது கல்யாண லைசென்ஸ்தான். கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினேன். கழிப்பறை வாசல்ல திரை வெளிச்சமாச்சு. வந்தா நாலாயிரத்து நானூத்திப் பதினேழு!

"மணமகள் பேர்?"னு கோரலி கேட்டா. அவ முகம் பீட்ரூட்டாச் சிவந்திருந்துச்சு. நான் அதைக் கண்டுக்கல, பொண்ணு விரலையே பார்த்துக்கிட்டு, "உங்களுக்கு இந்தக் கைப்பேச்சை யார் கத்துக்கொடுத்தாங்க? தயவுசெஞ்சு சொல்லுங்க"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா, கோரலி காதைக் காட்டினா, டேப்லெட்டைத் தட்டினா, உலுக்கினா. சத்தம் வரல. வைஃபை எப்பவும் படத்தைத்தான் முழுங்கும், அன்னைக்கு எந்தப் புண்ணியத்துக்கோ சத்தத்தை முழுங்கிட்டு படத்தை விட்டு வச்சிருந்துச்சு. கோரலி என்னை அங்கேயே நிக்கச் சொல்லிட்டு கம்ப்யூட்டர் ஆளைத் தேடி ஓடிட்டா. கழிப்பறை வாசல்ல நானும் அந்தப் பொண்ணும் மட்டும்தான்.

அவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தா. விதிப்படி திரையை மூடணும். மூடல. "ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கீங்க"ன்னா. "எனக்குப் பதில் சொல்ல அனுமதி இல்ல. ஆனா இப்போ சத்தம் இல்ல, நான் யாருக்கும் மொழிபெயர்க்கல. உங்களுக்கு ரெண்டு நிமிஷம் தர்றேன்."

"எந்த ஸ்கூல்? யார் பொண்ணு?"ன்னு படபடன்னு கேட்டேன்.

"நான் சமவெளிக்காரி. எங்க வீட்ல எல்லாருக்கும் காது நல்லா கேட்கும். கடலையே நான் பார்த்ததில்ல"ன்னா. "உங்க ஊர்லேருந்து கூப்பிடறவங்க பேச்சு எங்க யாருக்கும் புரியல. அவங்க கோபமா எழுந்து போயிடறாங்க. எனக்கு மனசு கேட்கல. உங்க நகர லைப்ரரியோட இணையதளத்துல பழைய வீடியோ இருக்கு, உங்க கிளப் ஹால்ல கல்லூரிக்காரங்க எடுத்தது. ராத்திரி ராத்திரி அதைப் போட்டுப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"அப்போ அந்தச் சுண்டுவிரல்?"

அவ தன் கையைத் திருப்பிப் பார்த்தா. "அது அந்தச் சைகையோட சேர்ந்தது இல்லையா? அந்த அம்மா அப்படித்தானே சொல்றாங்க? அவங்ககிட்டதான் நான் அதிகம் கத்துக்கிட்டேன். வீட்டுப் புகைபோக்கியில நெருப்புப் பிடிச்ச கதை ஒண்ணு சொல்லுவாங்க. அவங்க தம்பி ஜன்னலுக்குக் கீழே நின்னு 'நெருப்பு, நெருப்பு'ன்னு கத்துவார். தெருவே எழுந்து வந்துடும். காது கேட்காத இவங்களும் வீட்டுக்காரரும் மட்டும் உள்ளே நிம்மதியா சீட்டு ஆடிக்கிட்டிருப்பாங்க."

மச்சான், அந்தத் தம்பி யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? கடைசியில ஒரு டர்னிப் கிழங்கை ஜன்னல்ல விட்டெறிஞ்சு என் ஜெயிக்கிற ஆட்டத்தைக் கலைச்ச புத்திசாலி யாரு? அந்த வீடியோ எடுத்த நாள்ல நான் முழங்காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தேன். எஃபி வந்து, "கல்லூரிப் பிள்ளைங்க கேமரா வச்சு எங்களை வாயாட வச்சாங்க, டோனட் கொடுத்தாங்க"ன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் எடுத்துட்டு வரலையான்னு சண்டை போட்டேன். டோனட் மட்டும்தான் என் மூளையில நின்னுது.

"அது சைகை இல்லம்மா. மீன் தொழிற்சாலையில உடைஞ்ச விரல். அவ என் பொண்டாட்டி"ன்னேன். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. ஒரு உடைஞ்ச விரலைப் பாடமாப் படிச்சு, இந்தக் கரையோரத்துல இருக்கற அத்தனை கிழங்களுக்கும் மாசக்கணக்கா அதே மாதிரி விரலை நீட்டிக்கிட்டுப் பேசியிருக்கா பாரு! ஒருத்தருக்கும் வித்தியாசமாப் படல, ஏன்னா அவங்க எல்லாருக்கும் எஃபியைத் தெரியும். "மன்னிச்சிடுங்க, இனிமே மடக்கிச் சொல்றேன்"னு அவ விரலை மடக்கினா. நான் கத்திட்டேன் மச்சான், வாயாலேயே கத்திட்டேன், கழிப்பறையிலேருந்து ஒருத்தர் பாதியில வெளியே ஓடி வந்துட்டார். "மடக்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அது அப்படியே இருக்கட்டும்." அவ மெதுவா விரலைத் திரும்ப நீட்டினா. அதோட சத்தம் வந்துடுச்சு போல, அவ முகம் மறுபடியும் அலுவலக முகமா மாறிடுச்சு. கோரலி கம்ப்யூட்டர் ஆளோட வந்து நின்னு, "மணமகள் பேர்?"னு கேட்டா.

வெண்டல் விட்டுட்டுப் போன பென்சிலை வாங்கி, கோரலிக்கு எல்லாத்தையும் எழுதிக் காட்டினேன், உன் மனசைக் கலைச்சிருந்தா மன்னிச்சுக்கோன்னு கடைசி வரி. அவ படிச்சு முடிச்சு மூக்கைச் சிந்திட்டு அடியில எழுதினா: "எனக்கு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் டிவி முன்னாடி உக்காந்திருக்கான், அவனே போதும். நீங்க குழம்பிப் போயிட்டீங்க, பாவம், சாப்பாடு இல்லையோன்னுதான் மஃபின் கொண்டுவந்தேன். சென்ட் கழிப்பறை வாசலுக்காக." மீசையை ஒதுக்கினது வீண்.

அந்த வீடியோ இருக்கற விலாசத்தைக் கோரலியே தேடி எழுதிக் கொடுத்தா. நான் பார்க்கப் போறதில்ல மச்சான். இதை உறுதியாச் சொல்றேன், நீயும் வற்புறுத்தாதே. படத்துல இருக்கறவ என்னைப் பார்ப்பாளா? நான் சொல்றதுக்குப் பதில் சொல்லுவாளா? ஒருத்தி பேசிக்கிட்டே இருக்க, நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குப் பேர் பேச்சு இல்ல. இருக்கற ஏக்கம் போதும், அதுக்குத் தீனி போட வேண்டாம். நகராட்சிப் பக்கமும் இனி தலை வச்சுப் படுக்க மாட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்ல, தனியா இருந்து பழகிட்டேன். நீ கோடையில வர்றேன்னு எழுதியிருந்தே, வராதே, டிக்கெட் காசை மிச்சம் பண்ணு. முட்டைக்கோஸ் இல்லைன்னு இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்ல.

தங்களுக்கும் ஷீனாவுக்கும் நீண்ட ஆயுளும், கெடாத காதும், வீட்டுக்குள் படுக்கையும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன். பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் ஒரு முத்தம். அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத,
ஆல்பன் சுரெட்

பி.கு.: மேலே எழுதினது மொத்தத்தையும் மறந்துடு. கவரை ஒட்டப் போற நேரத்துல வாசல் மணிக்குப் பதிலா வச்சிருக்கற விளக்கு மினுக்மினுக்குன்னுச்சு. போய்ப் பார்த்தா கோரலி, கையில கார் சாவி. "நான் வரல"ன்னு எழுதிக் காட்டினேன். "சரி, கோட்டைப் போடுங்க"ன்னு எழுதிக் காட்டினா. லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கேயும் அதே வைஃபை, எஃபி கையைத் தூக்கினபடி அப்படியே நின்னுட்டா. கோரலி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சமையல் புத்தகம், சட்டப் புத்தகம்னு ஒவ்வொரு அலமாரியா அலைஞ்சா, நான் பின்னாலேயே போனேன். குழந்தைகள் பகுதியில, குட்டி நாற்காலிக்கு நடுவுல, எஃபி அசைஞ்சா. அந்த நீல ஸ்வெட்டர். முடியை எனக்குப் பிடிச்ச மாதிரி முடிஞ்சிருந்தா. நெருப்புக் கதையைத்தான் ஆரம்பிச்சா, எடுத்த எடுப்புல, "அது ஒரு வியாழக்கிழமை"ன்னா. வியாழக்கிழமையாம்! வெள்ளிக்கிழமை மச்சான்! அன்னைக்கு நாம மீன்தான் சாப்பிட்டோம், எங்க வீட்ல வெள்ளிக்கிழமைதானே மீன்? நான் பாட்டுக்கு எழுந்து நின்னு, "வெள்ளி! வெள்ளிக்கிழமை!"ன்னு ரெண்டு கையையும் வீசிச் சொல்றேன், சுத்தி இருந்த பொடிசுங்க எல்லாம் வாயைப் பிளந்து பார்க்குதுங்க. அப்போ எஃபி நிறுத்தினா. நான் எப்பவும் உக்கார்ற பக்கமாத் திரும்பி ஒரு நிமிஷம் பார்த்தா. அங்கே ஆள் இல்ல. திரும்பி கேமராவை, அதாவது என்னை, நேராப் பார்த்துச் சொன்னா: "என் வீட்டுக்காரர் இங்கே இருந்தா எழுந்து நின்னு வெள்ளிக்கிழமைம்பார். மீன் சாப்பிட்டோம்பார். நம்பாதீங்க. உக்காருங்க."

உக்காந்துட்டேன் மச்சான், குட்டி நாற்காலியில. மூணு வருஷம் கழிச்சு உன் அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். கோரலி அழுதுட்டா, நானும் அழுதேன், அப்புறம் விடாம எஃபிகூட சண்டை போட்டேன், லைப்ரரி மூடற வரைக்கும் போட்டேன். அவ கொஞ்சம்கூட இறங்கி வரல. நாளைக்கும் போறேன். இதுக்குச் சாட்சின்னு உலகத்துல மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தான், அன்னைக்கு ஜன்னலுக்குக் கீழே நின்னவன். வியாழனா, வெள்ளியா? எழுதி அனுப்பாதே. கிளம்பி வா. என் எதிர்ல நின்னு கையால சொல்லு, தப்புத்தப்பா சொன்னாலும் பரவாயில்ல.